வெத்துப் பூ

1934, திசம்பர் 22, சனிக்கிழமை. வில்லியனூர்.

இன்றைய பிழை: காலையில் தோட்டத்தில் பரங்கிப் பிஞ்சுகளை எண்ணும்போது ஆட்காட்டி விரலை நீட்டிவிட்டேன். நீட்டினால் பிஞ்சு அழுகிவிடும், மடக்கிய கையால்தான் காட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆனாலும் எண்ணிக்கை தப்பிவிடுமோ என்ற பயத்தில் விரல் தானாக நீண்டுவிட்டது. கலியபெருமாள் அண்ணன் பார்த்துவிட்டார்.

நாட்குறிப்பில் தேதிக்கு அடுத்த வரியில் அன்றைய பிழையை எழுதிவிடுவது குழந்தைவேலின் வழக்கம். அந்தி சாய்ந்த பிறகு நடக்கும் வகுப்பில் அவன் பிரெஞ்சும் கணக்கும் படித்துவந்தான். தப்பை முதலில் எழுதிவிட்டால் மற்றதை நேராக எழுதலாம் என்று அங்கே ஒருநாள் சொன்னார்கள். வகுப்பில் இருந்த மற்றவர்கள் அதை அன்றைக்கே மறந்தார்கள். குழந்தைவேல் மறக்கவில்லை. பகலில் அவனுக்கு அரிசி மிஷினில் மூட்டைகளுக்கு அடையாளம் போடுகிற வேலை. போட்ட அடையாளத்தை இன்னொரு தரம் திரும்பிப் போய்ப் பார்க்காமல் அவனால் வீட்டுக்கு வர முடியாது.

அவன் குடியிருந்த ரயிலடித் தெருவில் யாருக்கும் யாரும் பங்காளி இல்லை. மிஷின் வந்த பிறகு முளைத்த தெரு அது. மண்ணாடிப்பட்டிலிருந்து வந்தவர்கள், காட்டேரிக்குப்பத்திலிருந்து வந்தவர்கள், பாகூர்ப் பக்கத்து ஆட்கள் என்று ஒவ்வொரு வீடும் ஒவ்வோர் ஊர். அடுப்பு அணைந்துபோனால்கூடப் பக்கத்து வீட்டில் நெருப்பு கேட்கத் தயங்குவார்கள். தெருவுக்குப் பின்னால், ரயில் மேட்டுக்கு மண் எடுத்த பள்ளம் குப்பை கொட்டுகிற இடமாகக் கிடந்தது. கொம்யூன் என்கிற பிரெஞ்சு நகராட்சிக்குச் சொந்தமான இடம். போன ஆனி மாதம் குழந்தைவேல்தான் மேரி என்று எல்லாரும் சொல்கிற கொம்யூன் ஆபீசுக்குப் போய், அதில் தெருவார் காய்கறி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். கேட்க வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவன், அங்கே நின்றதும் மறந்துபோய்த் தமிழிலேயே கேட்டுவிட்டான். ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்றார்கள்.

வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரிக்காமல் எல்லாம் எல்லாருக்கும் என்று வைத்ததும் அவன் யோசனைதான். குப்பை நன்றாக மக்கியிருந்த மண். கத்தரியும் கீரையும் கொத்தவரையும் அள்ளிக் கொடுத்தன. சாயங்காலம் பள்ளத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வருகிறவர்கள் முதலில் வாளியைப் பற்றிப் பேசினார்கள், பிறகு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள், பிறகு மாமியார்களைப் பற்றிப் பேசினார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம் என்பது கிணற்றடியில் தெரிந்தது. இப்போது நெருப்பு மட்டுமல்ல, புளியும் உப்பும்கூட வீடு விட்டு வீடு போய்க்கொண்டிருந்தன. இருபது வயதுக்குள் தான் செய்து உருப்பட்ட காரியம் எது என்று கேட்டால் குழந்தைவேலுக்குச் சொல்ல இருந்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான்.

பொங்கலுக்கு வேண்டுமென்று போட்ட பரங்கிக்கொடியில்தான் வினை வந்தது. மார்கழி பிறந்ததிலிருந்து ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. கோலிக்குண்டு அளவுக்கு வருவதும், நுனி கறுப்பதும், விழுவதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கலியபெருமாள் கிணற்றடியில் அப்படி விழுந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். மிஷினில் மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. மண்ணாடிப்பட்டில் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். குரலைத் தாழ்த்திப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“எல்லாரும் பாத்துக்குங்க. காலையில இவன் வெரல நீட்டிக்கினு நின்னான். சாயங்காலம் இது அழுவிப் போச்சு.”

“அண்ணே, அது நேத்தே கறுத்திருந்துச்சு,” என்றான் குழந்தைவேல்.

“நேத்தும் எண்ணினியா இல்லியா?”

எண்ணியிருந்தான். முந்தாநாளும் எண்ணியிருந்தான். தலையை ஆட்டினான்.

“ஏலம் போடறவனாட்டம் தெனம் வெரல நீட்டினா எந்தப் பிஞ்சுதாண்டா தாங்கும்?”

“வுடுங்க, புள்ள தெரியாம செஞ்சுட்டான்,” என்றாள் அவர் மனைவி தையலம்மாள், வாளியைக் கீழே வைத்துவிட்டு.

“பிரஞ்சு படிக்கிறவனுக்கு இது தெரியாதா? இதுக்குத்தான் சொல்றேன். பொதுன்னு வச்சா யாரு கண்ணு, யாரு வெரலு, ஒண்ணும் புடிபடாது. போகிக்கு மொத நாள் வரைக்கும் பாப்பேன். பொங்கலுக்கு ஒவ்வொரு வூட்டுக் கொழம்புலயும் ஒரு துண்டமாவது விழறாப்பல காய் நின்னா சரி. இல்லன்னா முள்ளு வெட்டியாந்து பாத்தி பாத்தியா அடைச்சிடலாம். அவங்கவங்க பாத்தி, அவங்கவங்க பாடு.”

யாரும் மறுக்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் கையிலிருந்த அழுகிய பிஞ்சின் மேலேயே இருந்தது.

“கடைசி வூட்டுக்கும் பாத்தி உண்டா?” என்று ஒரு குரல் கேட்டது.

கடைசி வீடு சிந்தாமணியுடையது. கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து தெருத்தெருவாக மீன் விற்கிறவள். வீட்டை ஒட்டி, தோட்டத்து ஓரத்தில், கருவாடு காயப்போட ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

“அது ஆவணியில வந்த வூடு. தோட்டம் போட்டப்ப மம்முட்டி புடிச்சாங்களா?” என்றார் கலியபெருமாள்.

சிந்தாமணி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்போதுதான் வந்து நின்றாள். “மம்முட்டி புடிக்கல மேஸ்திரி. ஆனா போன வாரம் ஒங்க வூட்டுக்குக் கொடுவா மீனு குடுத்தனுப்பினனே, அத நல்லா புடிச்சிக்கினீங்க.”

கிணற்றடி சிரித்தது. கலியபெருமாளும் மீசைக்குள் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டில் அம்மா விருத்தாம்பாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “நீட்டின வெரல கடிச்சிக்கினியா?”

“இல்லம்மா.”

“கடி. கடிச்சாத்தான் தோஷம் போவும்.”

கடித்தான். பிறகு நாட்குறிப்பில், பிழைக்குக் கீழே எழுதினான்: ‘என் விரலால் பிஞ்சு அழுகியதா, அழுகப்போகிற பிஞ்சை என் விரல் காட்டியதா? தெரியவில்லை. தெரியாமல் ஒப்புக்கொள்வதும் பொய், தெரியாமல் மறுப்பதும் பொய்.’

மறுநாள் ஞாயிறு. பள்ளத்து ஓரமாக நடந்து பார்த்தபோது ஒரு கொடி மட்டும் தோட்டத்தை விட்டு வெளியே ஊர்ந்து சிந்தாமணியின் கொட்டகைக் கூரைமேல் ஏறியிருப்பதைக் கண்டான். ஓலைக்கு மேல், எலுமிச்சை அளவில் ஒரு காய். கொஞ்சம் தள்ளி அதைவிடப் பெரிதாக இன்னொன்று. இரண்டும் பளபளவென்று பச்சையாக இருந்தன. குழந்தைவேல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

“இன்னாபா, போலீசு புடிச்சாப்பல கைய கட்டிக்கினு நிக்கிற?” உள்ளேயிருந்து சிந்தாமணி வந்தாள்.

“ஒண்ணுமில்லக்கா. விரல் நீண்டுடுமோன்னு.”

“நீட்டேன். என் கூரை, என் காய். அழுவுதா பாப்போம்.”

“வேணாங்க்கா.”

“நீட்டுடா! நான் கடலையே தெனம் வெரல நீட்டிக் காட்டின ஆளு. அது வத்திப் போச்சா?”

குழந்தைவேல் கையை மெல்ல முன்னால் கொண்டுவந்து, பெரிய காயைப் பார்த்து விரலை நீட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காக்கை கத்தியது. நீட்டியது போதுமா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னும் கொஞ்சநேரம் நீட்டிக்கொண்டிருந்தான்.

தினமும் காலையில் போய் நீட்டினான். காய் அழுகவில்லை. எலுமிச்சை அளவில் இருந்ததுகூட மாங்காய் அளவுக்கு வந்தது. ஆனால் அதிலும் அவனுக்கு நிம்மதி இல்லை. வேண்டுமென்றே நீட்டினால் பலிக்காதோ? கொட்டகை வேறொருவர் இடம் என்பதால் அங்கே செல்லாதோ? வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற ராமுவிடம் இதைச் சொன்னபோது அவன் நகர்ந்து உட்கார்ந்தான். “வெரல எம்பக்கம் திருப்பாதடா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல.”

அதற்குள் கொட்டகைக் காய்களைத் தெருவே பார்த்துவிட்டது. கலியபெருமாள் கூரையைப் பார்த்தார், கொட்டகைக்குப் பக்கத்தில் சிந்தாமணி மீன் கழுவிய தண்ணீர் ஓடிய கால்வாயைப் பார்த்தார், முடிவுக்கு வந்தார்.

“மீன் தண்ணி. அதான் சங்கதி. சத்து அங்க போவுது.”

மறுநாளே மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களெல்லாம் குடத்தோடு வந்தார்கள். சிந்தாமணி வாசலில் வரிசை நின்றது.

“தள்ளாதீங்க, எல்லாருக்கும் ஊத்தறேன். கொடத்த முன்னால வையுங்க, மூக்க பின்னால வையுங்க,” என்றாள் அவள். “எம்மா தையலு, இத்தினி நாளு எவ்வூட்டுப் பக்கமே வர மாட்டியே, இப்ப மொத ஆளா நிக்கிற?”

“ஒந்தண்ணிக்கி வந்தேன், ஒனக்கு வரல.”

“தண்ணி தீந்தப்புறம் எனக்கு வா. வெத்தல இருக்குது.”

தையலம்மாள் வெற்றிலைக்கும் உட்கார்ந்தாள். அடுத்த நாள் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வலைத்துண்டில் கட்டிய தூளியில் பிள்ளை தூங்கியது. இரண்டு பேரும் வாயாடினார்கள். மீன் தண்ணீர் குடித்த கொடிகள் முறம் முறமாக இலை விட்டன. தெருவே நாறியது. பிஞ்சு மட்டும் முன்போலவே கறுத்து விழுந்தது.

‘இன்றைய பிழை,’ என்று குழந்தைவேல் எழுதினான். ‘மீன் தண்ணீர்தான் காரணம் என்று நானும் நம்பி, நேற்று அம்மாவிடம் உறுதியாகச் சொன்னேன். கொட்டகைக்கும் தோட்டத்துக்கும் வேறு என்ன வித்தியாசம் என்று பார்க்கவில்லை. அங்கே நடக்காத எதுவோ இங்கே நடக்கிறது. அல்லது இங்கே நடக்காத எதுவோ அங்கே. நான் தோட்டத்துக்குப் போவது வெயில் வந்த பிறகு. அதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.’

சனவரி முதல் தேதி, வருடப் பிறப்பன்று மிஷினுக்கு விடுமுறை. குழந்தைவேல் பனி விழும்போதே எழுந்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ரயில் மேட்டில் போய் உட்கார்ந்தான். கீழே தோட்டம் முழுவதும் தெரிந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் பரங்கிப் பூக்கள் ஒவ்வொன்றாக இதழ் விரித்தன. இலைகளுக்கு நடுவே அங்கங்கே விளக்கு ஏற்றி வைத்ததுபோல மஞ்சள்.

முதலில் தையலம்மாள் வந்தாள். ஈரத் தலையில் துணி சுற்றியிருந்தாள், கையில் சிறு கூடை. குனிந்து, பிஞ்சு உள்ள பூக்களைத் தொடாமல், நீளக் காம்பில் தனியாக நிற்கிற வெத்துப் பூக்களை மட்டும் பறித்தாள். காய்க்காத பூவுக்குத் தெருவில் அதுதான் பெயர். மார்கழி வாசலில் கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து அதன்மேல் செருகுகிற பூ. பிறகு இன்னொருத்தி வந்தாள். அவளும் கவனமாக வெத்துப் பூ மட்டும், அளவாகப் பறித்தாள். அடுத்தவளும் அப்படித்தான். பேராசைப்பட்டு யாரும் அள்ளவில்லை. மூன்றோ நாலோ எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவளுக்கு மீதி இருந்தது கொஞ்சம்தான். அதை எடுத்துக்கொண்டு அவள் மேடேறினாள். துண்டின் ஓரத்தை விலக்கிப் பார்த்தான். அம்மா.

வெயில் வந்தது. தோட்டத்தில் பிஞ்சோடு பூத்த பூக்கள் மட்டும் வாய் திறந்து கிடந்தன. தேனீக்கள் வந்தன, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தன. குழந்தைவேல் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தான். கருவாட்டின் மேல் பூத்த பூ வாசலுக்கு ஆகாது என்று அதை யாரும் தொடுவதில்லை. கூரைமேல் வெத்துப் பூக்கள் அப்படியே இருந்தன. பக்கத்தில் போய் நின்றான். ஒரு தேனீ வெத்துப் பூவுக்குள் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்து, அடுத்த பூவுக்குள் நுழைந்தது. அந்தப் பூவின் அடியில் ஒரு பிஞ்சு.

வீட்டுக்குத் திரும்பும்போது தெருவைப் பார்த்து நின்றுவிட்டான். தோட்டத்தில் இல்லாத மஞ்சள் முழுவதும் தெருவில் இருந்தது. வாசலுக்கு வாசல், உருண்டைக்கு உருண்டை. தன் வீட்டுப் படியில் இத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போய் எண்ணிக்கொண்டிருந்தான்.

“அம்மா, ஊர்ல நாம மார்கழிக்குப் பரங்கிப்பூ எங்க பறிப்போம்?”

“நம்ம குப்ப மேட்டுக் கொடியிலதான். வேற எங்க? நாம நாலு பறிச்சா நாப்பது நிக்கும்.”

“அடுத்த வூட்டுக்காரங்க?”

“அவங்களுக்கு அவங்க கொடி.”

இங்கே தெருவுக்கே ஒரு கொடித்தோட்டம். எல்லாரும் நாலுதான் பறித்தார்கள். குழந்தைவேல் படியிலேயே உட்கார்ந்துகொண்டான். ‘பொதுவில் வைத்ததால்தான் கெட்டது என்று கலியபெருமாள் அண்ணன் சொன்னது ஒருவிதத்தில் சரியாகிவிடுமோ’ என்று பயந்தான்.

அன்று பகலெல்லாம் அவன் பூப் பறிக்க முறைப் பட்டியல் ஒன்று எழுதினான். இன்றைக்கு இந்த வீடுகள் பூப் பறிக்கலாம், நாளைக்கு அந்த வீடுகள் என்று கட்டம் போட்டு, இரண்டு தரம் சரிபார்த்து, சாயங்காலம் கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போனான். காலையில் பார்த்ததை முதலில் சொன்னான். பயத்தில் வேகமாகச் சொன்னதால் மறுபடியும் ஒரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கட்டத்தைப் படித்தான்.

படித்து முடிக்கவிடவில்லை.

“எங்க வாசலு ரெண்டு நாளைக்கு மொட்டையா கெடக்கணுமா?”

“மார்கழியில பூ வைக்காதன்னு சொல்ல வந்துட்டான் பாரு!”

“நாங்க பறிச்சது வெத்துப் பூடா. காய்க்கிற பூவ எவ தொட்டா?”

“அதத்தான் நானும் சொல்றேன். வெத்துப் பூ வெத்து இல்ல.” குழந்தைவேல் தாளைத் தாழ்த்தினான். “எனக்கு நிச்சயமா தெரியாது. ஆனா அந்தப் பொடி இந்தப் பூவுல பட்டாத்தான் பிஞ்சு நிக்கிறாப்பல தெரியுது. கொட்டகைமேல யாரும் பறிக்கல, அங்க நிக்குது.”

கலியபெருமாள் உரக்கச் சிரித்தார். “வெரல்ல ஆரம்பிச்சு இப்ப பொம்பளைங்க கோலத்துல வந்து நிக்கிறான்.”

தையலம்மாள் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொடியையே பார்த்தாள். “பசுவுக்குக் காளை வேணும்னு தெரியுது, பனையில ஆண் பனை பெண் பனை தெரியுது. கொடிக்கு மட்டும் வேணாம்னு நாமளா நெனச்சிக்கினோமா?” பிறகு குழந்தைவேலைப் பார்த்தாள். “ஏண்டா, அந்தப் பொடிதானே வேணும்? பூவே வேணுமா?”

“பொடி பட்டாப் போதும்னு நெனக்கிறேன்க்கா.”

“அப்ப ஒங்கட்டத்த மடிச்சு வையி. காலையில பூவ பறிச்சு, காய்க்கிற பூவுல ஒரு தடவ தேச்சிட்டு, அப்புறம் வாசலுக்கு எடுத்துக்கினு போறோம். தேனீ செய்யற வேலைய நாம செஞ்சா இன்னா?”

“பூ கசங்கிடாதா?”

“கசங்கினா இன்னா? மத்தியானம் மாடு திங்கப் போற பூதானே.”

இத்தனை நாளும் தனக்குத் தோன்றாதது அவளுக்கு ஒரு மூச்சில் தோன்றியதே என்று குழந்தைவேல் ஆச்சரியத்தோடு கட்டம் போட்ட தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

அடுத்த நாள் விடியலில் தோட்டத்தில் திருவிழாபோலக் கூட்டம். தனித்தனியாக வந்து பறித்துக்கொண்டு போனவர்கள் இப்போது சேர்ந்து வந்தார்கள். எந்தப் பூவுக்குத் தேய்த்தாயிற்று, எதற்கு ஆகவில்லை என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

“ஏ, அதுக்கு நான் தேச்சிட்டேன்டி!”

“மறுபடியும் ஒரு தரம் ஆவட்டும், இன்னா கொறஞ்சுது?”

“கொட்டக மேல இருக்கறத வுட்டுட்டோமே.”

“அத தேனீ பாத்துக்கும்.”

சிந்தாமணி விடியுமுன்பே மீனெடுக்கப் போய்விடுவாள். மார்கழி முழுவதும் அவள் வாசலில் மட்டும் கோலம் இருந்ததில்லை. அன்றைக்குத் தையலம்மாள் கையில் ஒரு பூ மிஞ்சியது. கடைசி வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போட்டு அதை வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் வேறொருத்தி போட்டாள். அதற்கு யாரும் முறை எழுதவில்லை.

குழந்தைவேலுக்கு ஒரு காரியம் மட்டும் மனசில் உறுத்தியது. எல்லாப் பூவுக்கும் தேய்த்துவிட்டால், தேய்த்ததால்தான் நின்றது என்று எப்படித் தெரியும்? பனி விட்டதால் நின்றிருந்தால்? ஓரமாக, பிஞ்சோடு இருந்த ஒரு பூவின் காம்பில் நூல் கட்டி, அதை யாரும் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

அடுத்து வந்த நாட்கள் அவனுக்கு லேசில் போகவில்லை. மிஷினில் ஒரு மூட்டைக்கு அடையாளத்தை மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப ஓடினான். கலியபெருமாள் மேற்கே காட்டோரத்தில் கருவேல முள் வெட்டிப் போட்டிருக்கிறார் என்று ராமு வந்து சொன்னான். பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவுக்கு வந்தன. கறுக்கிற பருவம் இதுதான் என்று குழந்தைவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நூல் கட்டியது கறுத்தது, விழுந்தது. மற்றவை வீங்கத் தொடங்கின.

விழுந்த பிஞ்சை நூலோடு எடுத்துக்கொண்டு அவன் சந்தோஷத்தோடு வந்தபோது தையலம்மாள் எரிந்து விழுந்தாள். “ஒரு காய வீணாக்கிட்டு வந்து இளிச்சிக்கினு நிக்கிற! இத தேச்சிருந்தா அரை வூட்டுக் கொழம்புக்கு ஆயிருக்குமே!”

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் கலியபெருமாள் வண்டி நிறைய முள்ளோடு தோட்டத்து ஓரத்தில் வந்து இறங்கினார். சொன்ன சொல்லைத் தவறவிடுகிற ஆள் இல்லை அவர். பின்னாலேயே தெருவும் வந்தது. சிந்தாமணி கொட்டகை வாசலில் நின்றாள், கூடையை இறக்கவில்லை. முள் வந்துவிட்டால் பாத்தி இல்லாத வீடு அவளுடையது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கலியபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, முதல் கொடியின் இலைகளைக் கையால் விலக்கினார். அடியில் தேங்காய் அளவில் ஒரு காய் உட்கார்ந்திருந்தது. இரண்டடி தள்ளி இன்னொன்று. அவர் மேலே நடந்தார். இலையை விலக்குவார், பார்ப்பார், நடப்பார். நடை மெல்ல வேகமாகியது.

“தே, இங்க ஒண்ணு! அதோ, கெணத்தாண்ட பாரு, ரெண்டு! அந்தா அந்த மூலையில…”

தெரு திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. தையலம்மாள்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள்.

“யோவ், வெரலு!”

கலியபெருமாள் தன் கையைப் பார்த்தார். ஆட்காட்டி விரல் முழுசாக நீண்டிருந்தது. எத்தனை காய்க்கு நீட்டினாரோ, அவருக்கே தெரியாது. விரலை மெதுவாக மடக்கி, வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

“கொழந்த,” என்று கூப்பிட்டார், கடித்த விரலை எடுத்துவிட்டு. “ஒண்ணும் ஆவாதில்ல?”

“ஆவாதுன்னுதாண்ணே நெனக்கிறேன்.”

“நெனக்கிறியா? தெரியாதா?”

“நான் நீட்டின கொட்டகக் காய் நிக்குதுண்ணே. நாளைக்கும் பாத்துட்டு சொல்றேன்.”

“இவன்கிட்ட ஒரு பேச்சு உருப்படியா வாங்க முடியாது,” என்று சொல்லிவிட்டுக் கலியபெருமாள் மேடேறினார். வண்டிக்காரன் முள்ளை எங்கே போடட்டும் என்று கேட்டான். அவர் தோட்டத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். ரயில் மேட்டுப் பக்கம் ஒரு வெள்ளாடு நின்று இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“உள்ள ஒண்ணும் வேணாம். வெளியில சுத்தி அடைச்சிடலாம். காய் பெருத்தா ஆடு வுடாது.”

“வெளியிலன்னா எந்த மட்டுக்கு?”

கலியபெருமாள் கையை மடக்கிக்கொண்டு, முஷ்டியாலேயே காட்டினார். கிணறு, பள்ளம், மேற்குக் கரை, அப்படியே வந்து கொட்டகையைத் தாண்டி ஒரு கோடு. “மீன்காரம்மா கொட்டக உள்ள வரணும். அங்கதான் மொத காய் நின்னுது.”

சிந்தாமணி கூடையை இறக்கிவைத்தாள். “அப்ப கொட்டகைக்கும் சேத்து முள்ளு போடற மேஸ்திரிக்கு நாளைக்கு நெத்திலி,” என்றாள்.

“நாளைக்குப் போகி. நாங்க மீனு திங்க மாட்டோம்.”

“அப்ப கொட்டகய வெளியிலயே வுட்டுடுங்க.”

“பொங்க முடிஞ்சு குடு, வாங்கிக்கிறேன்,” என்றார் அவர் அவசரமாக.

அன்றிரவு சோறு தின்றதும் குழந்தைவேல் விளக்கருகே உட்கார்ந்து எழுதினான்.

1935, சனவரி 12, சனிக்கிழமை.

இன்றைய பிழை: கலியபெருமாள் அண்ணன் விரலை நீட்டியபோது நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம். சிரித்த பிறகு, யாரும் பார்க்காதபோது என் விரலையும் ஒரு தரம் கடித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

தோட்டம் பிரியவில்லை. பூவில் தேய்த்தது நின்றது, தேய்க்காதது விழுந்தது. ஒரே ஒரு பூவைத்தான் தேய்க்காமல் விட்டேன். அதைக்கொண்டு முடிவாகச் சொல்லலாமா என்பது எனக்குச் சந்தேகம். அடுத்த மார்கழியில் இன்னும் சில பூக்களை விட்டுப் பார்க்க வேண்டும். தையலம்மாள் அக்காவிடம் இப்போதே சொல்லக் கூடாது.

நாளை: விடிந்ததும் பனைநாரைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறியதும் மேற்குப் பக்கத்திலிருந்து முள் கட்டத் தொடங்க வேண்டும். கொட்டகை மூலைக்கு இரண்டு கம்பு குறைகிறது. கலியபெருமாள் அண்ணனிடம் கேட்டு வாங்கி வர வேண்டும்.